கடலில்லாத ஊரில் ஒரு மீன் விருந்து

ஐதராபாத்தில் கடல் இல்லை. மிக அருகிலுள்ள கடற்கரையை அடையவும் சாலைவழியே 300 கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டும். ஆயினும் இந்நகரின் குடியிருப்புப் பகுதிகளில் மாலை ஏழு மணிக்கு மேல் நடந்து சென்றால், ஏதேனும் ஒரு தெருமுனையில் புளியும் கறிவேப்பிலையும் மீனும் சேர்ந்து கொதிக்கும் மணம் நம்மை நிறுத்திவிடும். எங்கள் இல்லத்திலிருந்து பத்து நிமிட நடையில் அத்தகைய மீனுணவகம் ஒன்று உண்டு. பன்னிரண்டு மேசைகள், வாயிலில் பனிக்கட்டி நிரப்பிய கண்ணாடிப் பெட்டி, அன்றன்று வந்த மீன்களின் பெயர்களைச் சுண்ணக்கட்டியால் எழுதிவைக்கும் ஒரு கரும்பலகை, அவ்வளவே. அதன் பெயரை இங்குக் குறிப்பிடவில்லை. அதைப் போன்ற உணவகம் உங்கள் பகுதியிலும் இருக்கக்கூடும்.

நாங்கள் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து இக்கட்டுரையை எழுதுகிறோம். பணியின் பொருட்டு 2009-ஆம் ஆண்டு தமிழ்நாட்டிலிருந்து வந்து, செகந்திராபாத்தின் மேற்கு மாரேட்பள்ளியில் குடியேறியவர்கள். எங்களுள் மனைவி நாகப்பட்டினத்தில் பிறந்தவர். மீனின் தலையைக்கூட மிச்சம் வைக்காமல் உண்பவர். கணவர் ஈரோட்டுக்காரர், முள் என்றாலே அஞ்சுபவர். இந்த வேறுபாட்டோடு இருபத்து மூன்று ஆண்டுகள் ஒரே அடுப்பில் சமைத்து உண்டிருக்கிறோம்.

2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் இரண்டாம் வாரம், ஒரு புதன்கிழமை. அன்று முற்பகல் எங்கள் வங்கிக் கிளையில் நகைக்கடனின் கடைசித் தொகையைச் செலுத்தி, 25 மாதங்களாக அடகில் இருந்த ஐந்து சவரன் தாலிச் சங்கிலியை மீட்டுவந்தோம். ஆடி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் மீன் வாசலைத் தாண்டாது. அதற்கு ஒரு வாரமே எஞ்சியிருந்தது. "இன்றைக்கு வெளியே சாப்பிடலாமா?" என்று மனைவிதான் முதலில் கேட்டார்.

இருவர் மட்டும் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி வெளியே சென்று உண்பதை இக்காலத்து இளைஞர்கள் 'டேட் நைட்' என்கிறார்கள். எங்கள் பெற்றோர் காலத்தில் அது கோயிலுக்குப் போய்வருவதாகவோ, இரண்டாம் ஆட்டம் பார்ப்பதாகவோ இருந்தது. பெயர் எதுவாயினும், பிள்ளைகளும் சமையலறையும் தொலைக்காட்சியும் இல்லாத ஒன்றரை மணி நேரம் எங்களுக்குக் கிடைத்து இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

கரும்பலகையில் கற்ற தெலுங்கு

தமிழ் பேசும் ஒருவர் ஐதராபாத்தின் மீனுணவகத்தில் நுழைந்தால், முதலில் திகைப்பும் பிறகு மகிழ்ச்சியும் அடைவார். தெலுங்கில் மீனுக்குப் பொதுப்பெயர் 'சேப்ப'. அச்சொல் நமக்கு அயல். ஆனால் பலகையில் மேலும் படித்துக்கொண்டே போனால் உறவுகள் வெளிப்படும். நம் வஞ்சிரம் அங்கும் வஞ்சரமே. நம் நெத்திலி அங்கே 'நெத்தள்ளு'. 'கொர்ரமீனு' என்பதன் பின்பாதி நமக்கு விளக்கம் வேண்டாதது; அதுவே நம் விரால். 'சந்துவா' என்றால் வாவல், 'பண்டுகப்பா' என்றால் கொடுவா, 'ரொய்யலு' என்றால் இறால், 'பீத்தலு' என்றால் நண்டு.

சமைக்கும் முறைகளுக்கும் இவ்வாறே. 'புலுசு' என்பது புளிக்குழம்பு. 'வேப்புடு' என்பது வறுவல். 'இகுரு' என்பது மசாலா மீனோடு ஒட்டிக்கொள்ளும்படி நீரை வற்றவிட்டுச் செய்வது. இந்த மூன்று சொற்களும் எட்டு மீன்களின் பெயர்களும் தெரிந்தால் ஆந்திர, தெலங்கானா மீனுணவகம் எதிலும் பரிமாறுபவரின் உதவியின்றி உணவு கேட்டுப் பெறலாம். நாங்கள் இவ்வூருக்கு வந்த முதல் ஆண்டில், 'சேப்பல புலுசு' என்றால் சேப்பங்கிழங்குப் புளிக்குழம்பு என்று எண்ணிய கணவர், இலையில் விழுந்த மீன்துண்டத்தைக் கண்டு விழித்தது எங்கள் குடும்பத்தில் இன்றும் சொல்லப்படும் கதை.

அன்று நாங்கள் கேட்டவை மூன்று: முள்ளுக்கு அஞ்சுபவருக்காக அப்பல்லோ ஃபிஷ்; நாகப்பட்டினத்தவருக்காக நெல்லூர் முறையில் மாங்காய் இட்ட சேப்பல புலுசு; இருவருக்கும் பொதுவாகப் புளிச்சக்கீரையோடு வதக்கிய கோங்குரா ரொய்யலு. உடன் வெள்ளைச் சோறு, தயிர்.

ஏரியில் பிறந்த விருந்து

அப்பல்லோ ஃபிஷ் ஐதராபாத் உணவகங்களின் தனிச்சிறப்பு. முள் நீக்கிய மீன்துண்டங்களை மாவில் தோய்த்துப் பொரித்து, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, இஞ்சி, பூண்டு, சிறிது தயிர் ஆகியவற்றோடு கடுந்தீயில் புரட்டி எடுப்பர். இதற்கு உகந்ததாகக் கருதப்படுவது விரால் மீன். உறுதியான வெண்ணிறத் தசையும் குறைந்த முள்ளும் கொண்டதால், துண்டங்கள் உடையாமல் நிற்கும்.

விராலுக்கு இந்நகரோடுள்ள தொடர்பு பழையது. தக்காணம் ஏரிகளின் நாடு. காகதிய மன்னர்கள் வெட்டுவித்த பாக்கால், ராமப்பா முதலிய ஏரிகள் எழுநூறு ஆண்டுகளைக் கடந்தும் இன்று நீர் தாங்குகின்றன. ஐதராபாத்தையும் செகந்திராபாத்தையும் பிரித்து நிற்கும் உசேன் சாகரும் 16-ஆம் நூற்றாண்டில் குதுப் ஷாகி அரசர் காலத்தில் வெட்டப்பட்ட ஏரியே. இத்தகைய நீர்நிலைகளில் வாழும் விரால், செவுளால் மட்டுமன்றிக் காற்றையும் நேரடியாகச் சுவாசிக்கக்கூடியது. ஆகவே நீரைவிட்டு எடுத்த பின்னும், ஈரம் காயாதிருக்கும்வரை நெடுநேரம் உயிரோடிருக்கும். பனிக்கட்டித் தொழிற்சாலைகளும் குளிர்ப்பெட்டிகளும் இல்லாத காலத்தில், கடலில்லாத ஊரில் கெடாத மீன் கிடைத்ததற்கு இந்த இயல்பே காரணம். இன்றும் ராம்நகர் மீன்சந்தையில் விராலைத் தொட்டியில் உயிரோடு வைத்து விற்பதைக் காணலாம். தெலங்கானா அரசு 2016-ஆம் ஆண்டு இதனை மாநில மீனாக அறிவித்தது.

ஜூன் மாதத்தின் முதல் வாரம் முடியும் தறுவாயில் கதிரவன் மிருகசீரிட நட்சத்திரத்தில் புகும் நாளைத் தெலுங்கு மக்கள் 'மிருகசிர கார்த்தி' என்பர். கோடை முடிந்து மழை தொடங்கும் அந்நாளில் மீன் உண்பது உடலுக்கு நலம் என்பது இங்குள்ள நம்பிக்கை. அன்று அதிகாலை முதலே மீன்சந்தைகளில் நிற்க இடமிராது, விலையும் ஏறிவிடும். நாம்பள்ளி கண்காட்சித் திடலில், உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் மூலிகைக் கலவையை வைத்து ஆஸ்துமா நோயாளிகளுக்கு விழுங்கக் கொடுக்கும் 'மீன் பிரசாதம்' வழங்கப்படுவதும் அந்நாளையொட்டியே. அதன் மருத்துவப் பயன் அறிவியல் வழியாக நிறுவப்படவில்லை. ஆயினும் பல மாநிலங்களிலிருந்தும் மக்கள் திரண்டு வருகின்றனர்.

கவனித்துப் பார்த்தால், ஐதராபாத் மிகுதியாக மீன் உண்ணும் அந்த நாள், கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடை நடப்பிலிருக்கும் காலத்துக்குள் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள், மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காக, விசைப்படகுகள் கரையில் நிறுத்தப்படுகின்றன. மேற்குக் கடற்கரையிலோ தடை ஜூன் 1-ஆம் நாளே தொடங்கிவிடும். ஆகவே அன்றைய தேவையைப் பெரிதும் தாங்குவன ஏரிகளும் வளர்ப்புக் குட்டைகளுமே. விராலோடு கட்லாவும் ரோகுவும் அன்று வண்டி வண்டியாக வந்து இறங்குகின்றன.

இரவெல்லாம் ஓடும் லாரி

நாங்கள் சென்றது ஜூலை மாதம். கிழக்குக் கடலில் தடை நீங்கி மூன்று வாரங்களுக்கு மேல் ஆகிவிட்டதால், வாயிற்பெட்டியில் வஞ்சிரமும் வாவலும் பனிக்கட்டியின் மேல் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. உணவகத்தின் உரிமையாளர் நெல்லூர்ப் பகுதியைச் சேர்ந்தவர். ஓரளவு தமிழும் அறிந்தவர். "அம்மா, கண்ணைப் பாருங்கள், செவுளைத் தூக்கிப் பாருங்கள், பிறகு சொல்லுங்கள்" என்று மனைவியிடம்தான் பேசுவார். மீன் அறிந்தவர் யார் என்பது முதல் நாளிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு வஞ்சிரம் இம்மேசைக்கு வந்துசேரும் வழியை அவர்வழி அறிந்தோம். விசாகப்பட்டினத்திலோ, காக்கிநாடாவிலோ, மச்சிலிப்பட்டினத்திலோ படகு கரைசேர்ந்ததும் மீன் ஏலத்துக்கு வருகிறது. வியாபாரி அதை எடுத்து, பெட்டியில் பனிக்கட்டியும் மீனுமாக மாற்றி மாற்றி அடுக்குகிறார். மாலையில் புறப்படும் லாரி இரவெல்லாம் ஓடி, விடியுமுன் நகரச் சந்தையை அடைகிறது. மச்சிலிப்பட்டினத்திலிருந்து விஜயவாடா வழியாக ஐதராபாத் வரும் தேசிய நெடுஞ்சாலை 65 ஏறத்தாழ 350 கிலோமீட்டர். விசாகப்பட்டினத்திலிருந்தோ 600 கிலோமீட்டருக்கும் மேல். வழியில் எங்கேனும் பனிக்கட்டி குறைந்தால், மறுநாள் அதைச் சமைப்பவருக்கும் உண்பவருக்கும் தீங்கு. மீனவர், ஏலக்காரர், ஓட்டுநர், சந்தை வியாபாரி, சமையற்காரர் என ஒருவரையொருவர் அறியாத பலர், அவரவர் பங்கை ஒழுங்காகச் செய்திருந்தால்தான் நம் இலையில் விழும் துண்டம் நல்ல துண்டமாக இருக்கும்.

கோங்குராவில் கலந்த இறாலின் வழி வேறு. நாட்டின் மீன் உற்பத்தியில் முதலிடம் வகிப்பது ஆந்திரப் பிரதேசம். கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளின் கழிமுகங்களுக்கிடையே கொல்லேறு ஏரியைச் சூழ்ந்த பகுதியும் பீமவரம் வட்டாரமும் நெல்வயல்களைப் போலக் குட்டைகள் பரந்து கிடக்கும் நிலம். அங்கு வளர்க்கப்படும் இறால் பெரும்பாலும் 'வன்னாமெய்' இனம். பசிபிக் பெருங்கடலின் அமெரிக்கக் கரையைத் தாயகமாகக் கொண்ட அவ்வினத்தை வளர்க்க இந்தியாவில் 2009-இல் அனுமதி கிடைத்தது. ஒரு குட்டையில் குஞ்சு விட்டது முதல் அறுவடை வரை தீவனத்துக்கும் மின்சாரத்துக்கும் நாள்தோறும் செலவு உண்டு, வருவாயோ அறுவடையன்றுதான். இந்த இடைவெளியைக் கருதியே விவசாயிகளுக்குரிய கிசான் கடன் அட்டை 2018-19 முதல் மீன் வளர்ப்போருக்கும் மீனவருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. நம் இலையிலுள்ள இறாலுக்குப் பின்னாலும் ஒரு வங்கிக் கணக்கு இருக்கக்கூடும்.

இத்துறைக்குரிய தேசிய மீன்வள மேம்பாட்டு வாரியம் 2006-இல் நிறுவப்பட்டது. அதன் தலைமையகம் இருப்பது கடலோர நகரம் எதிலும் அன்று, இதே ஐதராபாத்தில்தான். பி.வி. நரசிம்மராவ் மேம்பாலச் சாலை வழியாக விமான நிலையம் செல்வோர் ராஜேந்திரநகர் அருகே மீன் வடிவில் எழுப்பப்பட்ட ஒரு கட்டடத்தைக் கண்டிருப்பர். கண்ணும் துடுப்பும் வாலுமாக நிற்கும் அந்த அலுவலகம், இரவில் நீல விளக்கொளியில் நீந்துவது போலவே தோன்றும். எங்கள் மகள் சிறுமியாக இருந்தபோது அதைக் காண்பதற்காகவே விமான நிலையம் போகலாம் என்று அடம்பிடித்தது உண்டு.

புலசாவும் தாலியும்

அப்பல்லோ ஃபிஷ் தீர்ந்து புலுசு வருவதற்காகக் காத்திருந்தபோது, கரும்பலகையின் அடியில் தனியாக ஒரு கட்டம் வரைந்து எழுதியிருந்த சொல் கண்ணில் பட்டது: 'புலசா'. அதன் எதிரே விலை இல்லை. 'கேட்டறிக' என்று மட்டும் இருந்தது.

புலசா என்பது இல்சா என்று வங்காளியர் போற்றும் மீனே, தமிழில் உல்லம். கடலில் வாழும் அது, ஜூலை முதல் கோதாவரியில் புதுவெள்ளம் பெருகிவரும்போது முட்டையிட ஆற்றை எதிர்த்து ஏறுகிறது. உப்புநீர் விட்டு நன்னீரில் நீந்தி வந்த பின்னரே அதற்கு அந்தத் தனிச்சுவை வாய்க்கிறது என்பர். கடலில் பிடிபட்டால் அதற்கு அப்பெயரும் இல்லை, அவ்விலையும் இல்லை. தவளேஸ்வரம் அணைக்குக் கீழேயும் ஏனாம் பகுதியிலும் சில வாரங்களே கிடைக்கும் இம்மீனின் ஏலத்தில் ஒரே மீன் பல ஆயிரம் ரூபாய்க்குப் போவது வழக்கம். பிற மாநிலங்களிலிருந்து வரும் உல்லத்தைப் புலசா என்று சொல்லி விற்பதும் வழக்கமே.

தெலுங்கில் இம்மீனைப் பற்றி ஒரு பழமொழி உண்டு. தாலியை விற்றாவது புலசா தின்ன வேண்டும் என்பது அதன் பொருள். உரிமையாளர் எங்கள் பார்வை போன திசையைக் கண்டு அதைச் சிரித்தபடியே சொன்னார். எங்களிடையே ஒரு கணம் பேச்சு நின்றது. அவருக்கு ஒன்றும் தெரியாது. பிறகு மனைவி புடைவைத் தலைப்பை விலக்கிச் சங்கிலியைத் தொட்டுக் காட்டி, "இன்றைக்குத்தான் வீட்டுக்கு வந்தது ஐயா, திரும்பவும் அனுப்ப வேண்டாம்" என்றார். மூவரும் சிரித்தோம். அவர் அகன்ற பிறகே நாங்கள் பேசத் தொடங்கினோம்.

2023 ஜூன் மாதம் எங்கள் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. கட்டணம் செலுத்த ஒன்பது நாள்கள் அவகாசம். கல்விக்கடனுக்கான தாள்கள் ஆயத்தமாகவில்லை. இரவு உணவின்போது கணவர், "நாளைக்குச் சங்கிலியைக் கழற்றி வை" என்றார். மனைவி கழற்றினார். தாலி மஞ்சள் கயிற்றுக்கு மாறியது. ஒன்றரை இலட்சம் ரூபாய் நகைக்கடன் அன்றே கிடைத்தது, கட்டணமும் செலுத்தப்பட்டது. அதன்பின் 25 மாதங்கள் நாங்கள் இருவரும் அச்சங்கிலியைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசியதில்லை.

ஏன் பேசவில்லை என்பதை அந்த மேசையில்தான் ஒருவருக்கொருவர் சொன்னோம். "கொடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லைங்க. என் பிள்ளைக்குத்தானே கொடுத்தேன். கேட்காமல் சொன்னீர்களே, அதுதான்" என்றார் மனைவி. கயிற்றுக்கு வெள்ளிதோறும் மஞ்சள் பூசும்போது, கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு செய்தித்தாளை எடுப்பதைக் கண்டு, அவர் மறந்துவிட்டார் என்றே எண்ணியிருக்கிறார். கணவரோ, அந்தக் கயிற்றைக் காணும்போதெல்லாம் தம் கையாலாகாமையைக் காண்பதாக எண்ணியே முகம் திருப்பியிருக்கிறார். மனைவி பேசாதிருந்தது சினத்தால் என்று அவர் கருதியிருந்தார். ஒருவர் மறதி என்றும் மற்றவர் சினம் என்றும் எண்ணிக்கொண்டு, ஒரே வீட்டில் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறோம். வீட்டில் இதைப் பேச எத்தனையோ இரவுகள் இருந்தன. ஆயினும் வீட்டில் எப்போதும் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருந்தது.

புலுசு வந்தது. நெல்லூர் முறைக் குழம்பு, வைத்து ஊறிய பின்னரே சுவை கூடும் தன்மையது. முற்பகலில் வைத்ததை மாலையில்தான் பரிமாறுவார்கள். மாங்காயின் புளிப்பும் புளியின் புளிப்பும் தனித்தனியே தெரிந்தன. மனைவி மீனின் நடுமுள்ளை ஒரே இழுப்பில் எடுத்து, பக்க முள்களையும் விரலால் தடவி நீக்கி, ஒரு துண்டத்தைக் கணவரின் இலையில் வைத்தார். திருமணமான புதிதில் செய்ததை மறுபடியும் செய்தார்.

கணக்குச் சீட்டு

சீட்டு வந்தது: அப்பல்லோ ஃபிஷ் 360, சேப்பல புலுசு 340, கோங்குரா ரொய்யலு 380, சோறு இருவருக்கு 160, தயிர் 40, ஆக 1,280 ரூபாய். 5 சதவீத ஜி.எஸ்.டி. 64 ரூபாய். மொத்தம் 1,344 ரூபாய். கணவர் கைப்பேசியை எடுக்குமுன் மனைவி தடுத்தார்.

"இது என் கணக்கு" என்றார்.

சங்கிலியை அடகு வைத்த அதே வாரம், அதே கிளையில், அவர் தம் பெயரில் மாதம் 100 ரூபாய் வீதம் 24 மாதங்களுக்கு ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கியிருந்தார். சங்கிலி திரும்பும் நாளில் இருவரும் வெளியே சென்று உண்பதற்கென்றே அது. காய்கறிச் செலவில் மிச்சம் பிடித்த தொகை மாதந்தோறும் அதில் சேர்ந்தது. 2025 ஜூனில் 2,400 ரூபாயும் அதன் வட்டியும் கைக்கு வந்தன. கடன் தீர இரண்டு ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டவர் அவர். ஒரு மாதம்தான் பிசகியது. தொகை சிறிது. ஆனால் அத்தனை மாதங்களாகச் சினத்தில் இருக்கிறார் என்று எண்ணப்பட்டவர், இந்த மாலைக்காகச் சேமித்துக்கொண்டிருந்தார் என்பதை அறிந்த கணவருக்குச் சற்று நேரம் பேச்சு எழவில்லை.

இந்த இதழின் வாசகர்களுக்கு நகைக்கடன் புதிதன்று. ஆகவே எங்கள் பட்டறிவில் கண்ட சிலவற்றைச் சொல்லலாம் என்று எண்ணுகிறோம். முதலாவது, ஆண்டு முடியும்போது வட்டியை மட்டும் செலுத்திப் புதுப்பிப்பது எளிது; அசல் அப்படியே நிற்கும். நாங்கள் மாதந்தோறும் இயன்ற சிறுதொகையை அசலில் வரவு வைத்தோம். போனஸ் வந்த மாதங்களில் கூடுதலாகச் செலுத்தினோம். இரண்டாவது, இந்த இரண்டு ஆண்டுகளில் தங்கத்தின் விலை வெகுவாக ஏறியது. அதே நகைக்கு இப்போது கூடுதல் கடன் கிடைக்குமே என்று உறவினர் சிலர் நினைவூட்டினர். நகையின் விலை ஏறியதேயன்றி எங்கள் வருவாய் ஏறவில்லை என்பதால் அதற்கு இணங்கவில்லை. மூன்றாவது, இந்திய ரிசர்வ் வங்கி 2025 ஜூன் 6 அன்று நகைக்கடன்களுக்கான புதிய நெறிமுறைகளை வெளியிட்டுள்ளது. கடன் முழுமையாகத் தீர்ந்தபின் நகையை அன்றே, அல்லது அதிகமாகப் போனால் ஏழு வேலை நாள்களுக்குள், திருப்பித் தர வேண்டும். கடன் வழங்கியவரின் பொறுப்பில் தாமதம் நேர்ந்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். இவை 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைக்கு வர வேண்டும் என்பது ஆணை. நகையை மீட்கும்போது எடையையும் கல், முத்து விவரங்களையும் பற்றுச்சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தே கையொப்பமிடுங்கள்.

நான்காவதாக ஒன்றுண்டு, அது எந்த நெறிமுறையிலும் இல்லாதது. அடகு வைப்பதானாலும் வைப்புத் தொடங்குவதானாலும், முதலில் இருவரும் அமர்ந்து பேசுங்கள்.

நீங்களும் செல்வதாயின்

பகுதியிலுள்ள சிறு மீனுணவகத்துக்கு இருவராகச் செல்ல எண்ணுவோருக்குச் சில குறிப்புகள்.

பட்டியலைப் பார்ப்பதற்கு முன், இன்று எது வந்தது என்று கேளுங்கள். நல்ல மீனின் கண் தெளிந்து புடைத்திருக்கும், செவுள் சிவந்திருக்கும், விரலால் அழுத்தினால் தசை மீண்டெழும். சூரை, கானாங்கெளுத்தி போன்றவை சரியாகக் குளிரூட்டப்படாவிட்டால் அவற்றில் ஹிஸ்டமின் என்னும் பொருள் உண்டாகி ஒவ்வாமை போன்ற உபாதை தரும். சமைத்தாலும் அது நீங்காது. ஐயமிருப்பின் அன்று விராலையோ வளர்ப்பு மீனையோ கேட்பது நலம்.

தடைக்காலத்தில் கடல்மீன் கிடைப்பின், அது எங்கிருந்து, எப்போது வந்தது என்று கேட்பதில் தவறில்லை. விலை எழுதப்படாத மீனின் விலையைச் சமைக்கச் சொல்லுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். எடைக்கா, துண்டுக்கா என்பதையும் கேளுங்கள்.

கணக்குச் சீட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வழங்கிய 14 இலக்க எண் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். சேவைக் கட்டணம் தருவது வாடிக்கையாளரின் விருப்பம். அதைச் சீட்டில் தாமாகவே சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதலை, தில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று உறுதிசெய்துள்ளது. இதுபற்றி முறையிட நுகர்வோர் உதவி எண் 1915. பரிமாறியவரின் பணிக்கு மகிழ்ந்து நீங்களாகத் தருவதை எந்த ஆணையும் தடுப்பதில்லை. அது அவர் கைக்கே சேரட்டும்.

கியூ.ஆர். குறியீட்டைக் கைப்பேசியில் பதிந்ததும், திரையில் தோன்றும் பெயர் உணவகத்தின் பெயர்தானா என்று பார்த்த பின்னரே இரகசிய எண்ணை இடுங்கள். அந்த எண் பணம் செலுத்துவதற்கு மட்டுமே. பணம் பெறுவதற்கு அது ஒருபோதும் தேவைப்படாது. ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள்.

வீடு திரும்பும் வழியில் நாங்கள் ஒரு முடிவு செய்தோம். மறுநாளே கிளைக்குச் சென்று, இம்முறை இருவர் பெயரிலும், மாதம் 500 ரூபாய் வீதம் ஓராண்டுக்கு ஒரு தொடர் வைப்பைத் தொடங்கினோம். 6,000 ரூபாயை நான்காகப் பகுத்தால் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை 1,500 ரூபாய். அடுத்த ஆண்டுக்கு நான்கு மாலைகள். இவ்வாண்டுக்கு, பழைய வைப்பில் உணவுக்குப் போக எஞ்சியது கையில் இருக்கிறது. ஆடியும் புரட்டாசியும் கழியட்டும் என்று ஐப்பசியில் ஒரு புதன்கிழமையை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறோம்.

அன்றைக்கு முள்ளுள்ள மீனையே கேட்கப்போவதாகக் கணவர் கூறியுள்ளார். முள்ளைத் தாமே எடுக்கப்போவதாகவும் கூறியுள்ளார். அதை மட்டும் மனைவி இன்னும் நம்பவில்லை.